நான்காம் அறையில் சிவப்பு வரிகள்

அத்தியாயம் 7

கதவு மூடிய சத்தம் பெரிதாக ஒன்றும் இல்லை. ஃபிரிட்ஜைச் சாத்தினால் ரப்பர் விளிம்பு ஒட்டிக்கொள்ளுமே, அந்த மாதிரி ஒரு 'பொத்'. அதை அடுத்து ஒரு 'கிளிக்'. புல்ச்சாவுக்கு அந்தக் கிளிக்தான் பிடிக்கவில்லை.

போய்த் தள்ளிப் பார்த்தான். தோளால் இடித்தான். கதவு அசைந்து கொடுக்கவில்லை. உள்பக்கக் கைப்பிடி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது.

"அக்கா, கைப்பிடி எங்க?"

"போலீஸ் கழட்டிட்டுப் போயிட்டாங்க. சாட்சிப் பொருளாம்," என்றாள் லெம்லெம், ரோஜாப் பெட்டிகளுக்கு நடுவிலிருந்து தலையைத் தூக்காமல்.

"நல்லாயிருக்கு! இதே ரூம்ல ஒருத்தன் வெளிய வர முடியாம செத்திருக்கான். அதுக்குக் கைப்பிடியைக் கழட்டிட்டாங்க. நாமளும் செத்தா கதவைக் கழட்டுவாங்களா?"

லெம்லெம் நிமிர்ந்தாள். டெலிபோன் ஆபீஸ் ஒன்றில் பதினெட்டு வருடம் ஒயர்களோடு மாரடித்துவிட்டு, மேலதிகாரியோடு சண்டை போட்டு வெளியே வந்து, அடிஸ் அபாபாவில் துப்பறியும் போர்டு மாட்டியவள். புல்ச்சா அவளுடைய உதவியாளன். அதற்கு முன்னால் மூன்று சக்கர பஜாஜ் ஓட்டினான். வாய்க்கு மட்டும் அப்போதும் பிரேக் இருந்ததில்லை.

"காஷே அஸ்ரத் வெளியதானே நின்னார்? கூப்பிடு," என்றாள்.

பத்து நிமிடத்துக்கு முன்னால் அவர்களைக் கூட்டிவந்து உள்ளே விட்டவர், எல்லோரும் மரியாதையாகக் காஷே என்று கூப்பிடும் பெரியவர் அஸ்ரத்தான். பண்ணையின் வாசலும் ஆஜர்ப் பதிவும் அவர் பொறுப்பு. காலையில் தன் கையாலேயே காப்பி ஊற்றிக் கொடுத்தார். ஊர் வழக்கப்படி மூன்று சுற்று, ஒன்றும் குறையாமல்.

"காஷே!" புல்ச்சா கத்தினான். "காஷே அஸ்ரத்! ஒரு கோழி உள்ள மாட்டிக்கிச்சு! கதவைத் திறங்க!"

பதில் இல்லை. நாலு விரற்கடை பஞ்சுப் பலகையும் இரண்டு பக்கத் தகரமும் அவன் குரலை அப்படியே விழுங்கிவிட்டன. கைப்பேசியில் சிக்னல் ஒரு கோடு கூட இல்லை. பண்ணையின் கடைக்கோடியில், போலீஸ் நாடா கட்டிய அறை. இந்தப் பக்கம் யாரும் வரமாட்டார்கள்.

கதவின் மேல் சிவப்பு எண் ஒன்று எரிந்துகொண்டிருந்தது. 2. ரோஜாவுக்கு உகந்த குளிர். புல்ச்சா பார்த்துக்கொண்டே இருக்கையில் அது 1 ஆயிற்று.

"அக்கா. குறையுது."

"பார்த்தேன்."

"ஹிர்ப்பாவுக்கு எவ்வளவு வரை போச்சு?"

"மைனஸ் பத்து."

புல்ச்சா வாயை மூடிக்கொண்டான். இது அவன் வாழ்க்கையில் அடிக்கடி நடப்பதல்ல.

ஹிர்ப்பா இந்தப் பண்ணையின் குளிர்சாதன மெக்கானிக். முந்தாநாள் சாயங்காலம் இந்த நான்காம் அறைக்குள் வந்தவன், நேற்றுக் காலையில் விறைத்துக் கிடந்தான். கதவுகளுக்குக் கட்டளை போடுவது ஷிபிரே என்ற பெண் உட்காரும் கம்ப்யூட்டர் மட்டுமே என்று நிர்வாகம் சொன்னது. போலீஸ் அவளையும் பிடித்துக்கொண்டு போயிற்று, கம்ப்யூட்டரையும் தூக்கிக்கொண்டு போயிற்று. அவள் செய்திருக்க மாட்டாள் என்று தொழிலாளர்கள் சேர்ந்து லெம்லெமை வரவழைத்திருந்தார்கள்.

"ஒரு நல்ல சேதி," என்றாள் லெம்லெம். "ஷிபிரே நிரபராதி. அவளும் ஸ்டேஷன்ல, அவ கம்ப்யூட்டரும் ஸ்டேஷன்ல. நம்ம கதவைப் பூட்டினது வேற யாரோ."

"ரொம்ப சந்தோஷம். நம்ம கல்லறையில எழுதி வைக்கச் சொல்லலாம்."

லெம்லெம் சுவரோரம் இருந்த மூடியைத் திறந்து, அறையின் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குப் போகும் ஒயரைத் தன் லேப்டாப்பில் செருகினாள். இந்த ஒயர் வெளியுலகத்தோடு பேசாது. கதவுகள், குளிர் மெஷின்கள், வாசல் கேட், இவை தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கு மட்டுமான ஒயர். ஆனால் பேசுவதை ஒட்டுக் கேட்கலாம். அதற்கான புரோகிராம் அவளிடம் இருந்தது. ஒயரில் ஓடும் ஒவ்வொரு செய்திப் பொட்டலத்தையும், அதாவது பாக்கெட்டையும், பிடித்து, வரிவரியாகப் பிரித்துக் காட்டும்.

அதிலும் ஒரு வில்லங்கம். ஊரறிந்த பாஷைகளைத்தான் அந்தப் புரோகிராம் தானாகப் பிரிக்கும். இந்தக் குளிர் மெஷின்கள் பேசுவது எந்தப் புத்தகத்திலும் இல்லாத சொந்த பாஷை. வெறும் எண்களாகக் கொட்டும். அதனால் நேற்று ராத்திரியெல்லாம் உட்கார்ந்து, அந்தப் புரோகிராமுக்கு லெம்லெமே ஒரு பிரிப்பான் எழுதிச் சேர்த்திருந்தாள். முதல் எண் அறை, இரண்டாவது கட்டளை, 7 என்றால் பூட்டு, 3 என்றால் திற. அப்புறம் குளிர் அளவு, மாதம், நாள், மணி. கடைசியில் முத்திரை எண், ஷிபிரேயின் கம்ப்யூட்டர் மட்டும் போடக்கூடியது, ஒவ்வொரு தடவையும் மாறிக்கொண்டே இருப்பது.

"அப்போ திறன்னு ஒரு பாக்கெட் நீங்களே அனுப்புங்களேன்."

"முத்திரைக்கு எங்க போறது? முத்திரை இல்லாம கதவு கேட்காது."

எண் 0 ஆயிற்று. மேலே காற்றாடிகள் வேகம் பிடித்தன. புல்ச்சா லேப்டாப் திரையை எட்டிப் பார்த்தான். குளிர் அளவு என்ற கட்டத்தில் திடீரென்று 255 என்று விழுந்தது.

"இருநூத்தி ஐம்பத்தஞ்சு! அக்கா, வெந்துடுவோம் போலிருக்கே!"

"முட்டாள். அது மைனஸ் ஒண்ணு. பூஜ்யத்துக்குக் கீழ போனா அந்தக் கட்டத்துக்கு மைனஸ் போடத் தெரியாது, உச்சிலேர்ந்து பின்னால எண்ண ஆரம்பிக்கும். என் பிரிப்பான்ல தப்பு. பூவை யாராவது மைனஸ்ல வைப்பாங்களான்னு நினைச்சு அதைக் கவனிக்கல."

இரண்டு வார்த்தை மாற்றினாள். 255 மறைந்து -1 வந்தது. புல்ச்சாவுக்கு 255 தேவலையாக இருந்தது.

அவன் நிலைமை வேறு மோசம். சட்டை, பேண்ட், உள்ளே இருக்கும் பனியன், எல்லாம் ஈரம். காலையில் பண்ணை வாசலில் இறங்கியதும் வேண்டுமென்றே மழையில் கையை விரித்துக்கொண்டு கால் மணி நேரம் நின்றிருந்தான். பையில் வைத்திருந்த வறுத்த பார்லிகூட ஊறிப் போயிருந்தது. இப்போது பற்கள் தந்தியடித்தன. விரல்கள் யாருடையவோ மாதிரி இருந்தன.

லெம்லெம் தன் நெத்தெலாவை உருவி அவன் தலையோடு சுற்றினாள். மெல்லிய பருத்திச் சால்வை, கொசுவுக்குக்கூடப் பற்றாது. பூப்பெட்டி இரண்டைக் கிழித்து அவன் முதுகிலும் நெஞ்சிலும் அட்டையைக் கட்டினாள்.

"பூப்பெட்டின்னு நினைச்சு ஏர்போர்ட்டுக்கு அனுப்பிடுவாங்க அக்கா என்னை," என்றான். "ஹாலந்து பூச்சந்தையில ஏலம் விட்டா யாரும் எடுக்க மாட்டாங்க."

அவள் சிரிக்கவில்லை. பேட்டரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே வந்தபோது நாற்பது சதவீதம். இப்போது பதினெட்டு. குளிரில் லேப்டாப்பின் உயிரும் மனிதனின் உயிர் போலத்தான் இறங்குகிறது. அது அணைந்துவிட்டால் அப்புறம் இந்த அறையில் செய்வதற்கு ஒன்றுமே இல்லை, விறைப்பதைத் தவிர. புல்ச்சாவுக்குப் பயமாக இருந்தது.

"அதென்ன சிவப்பு?" என்று கேட்டான், ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

திரையின் அடியில் ஒரு வரி சிவப்பாக இருந்தது. பக்கத்தில் 'உடைந்த பாக்கெட்' என்று எழுதியிருந்தது.

"குப்பை. பாதி வழியில சிதைஞ்சு வர்ற பாக்கெட். ஒயர் பழசானா அப்படி வரும். பெட்டியில சேர்ந்திருந்த பதிவை நேத்து தொழிலாளர்கள் அனுப்பினாங்களே, அதுலயும் ஒரு முப்பது இருந்துச்சு, மறைச்சு வச்சுட்டேன். காலையில காப்பி குடிக்கறப்ப காஷே அஸ்ரத் கிட்டகூட சொன்னேனே, இந்த ரூமைப் பார்த்துட்டு வந்து சிவப்பு வரிகளையும் ஒரு கை பார்க்கணும்னு..."

நிறுத்திவிட்டாள்.

"அக்கா?"

"இந்த வரி வந்த நேரம்... கதவு கிளிக்னு சொன்ன அதே நேரம்."

சிவப்பு வரியைத் திறந்தாள். வெறும் எண்கள். முதல் எண் 4. இரண்டாவது 7.

"நான்காம் அறை. பூட்டு," என்றான் புல்ச்சா. பஜாஜ்காரனுக்கும் அந்த அளவுக்குப் புரிந்தது.

"அடுத்தது மைனஸ் பத்து. குளிர் அளவு. எல்லாம் சரியாத்தான் இருக்கு. முத்திரை மட்டும் இல்ல. ஆனாலும் கதவு கேட்டிருக்கு." அவள் உதட்டைக் கடித்தாள். "மாசத்துலதான் உடையுது. பதிமூணுன்னு இருக்கு. மாசம் பன்னிரண்டைத் தாண்டினா உடைஞ்சதுன்னு ஒதுக்கச் சொல்லி நான்தான் எழுதி வச்சேன்."

பேட்டரி பதினான்கு. கதவின் மேல் -4.

புல்ச்சா குதிக்க ஆரம்பித்தான். நின்றால் விழுந்துவிடுவோம் என்று தோன்றியது. அட்டை சரசரத்தது.

"எல்லாம் எங்க அம்மாவால," என்று புலம்பினான். "இன்னைக்கு மழைல நனைஞ்சா வருஷம் பூரா ஒரு நோய் அண்டாதுன்னு போன்ல ஒரே பிடிவாதம். நோய் அண்டாதும்மா, நேரா எமன்தான் அண்டுவான்."

"என்ன சொன்னே?"

"எமன்..."

"அதுக்கு முன்னாடி. ஏன் இன்னைக்கு மழை?"

"என்னக்கா, ரஃபேல் மழை தெரியாதா? வருஷா வருஷம் பகுமே மூணாந்தேதி எல்லாரும்..."

அவனும் நிறுத்திவிட்டான்.

இருவரும் திரையைப் பார்த்தார்கள். 13. அதற்கடுத்த எண் 3.

"மெஷினைச் செஞ்ச ஊர்க்காரனுக்கு வருஷத்துக்குப் பன்னிரண்டு மாசம்," என்றாள் லெம்லெம் மெதுவாக. "நமக்கு? முப்பது முப்பது நாளா பன்னிரண்டு மாசம் போக, மிஞ்சற அஞ்சே அஞ்சு நாளுக்குப் பகுமேன்னு ஒரு மாசம். பதிமூணாவது. நானும் இந்த மண்ணுல பொறந்தவதான் புல்ச்சா. மெஷின் முன்னாடி உட்கார்ந்தா மட்டும் வெளிநாட்டுக்காரி ஆயிடறேன். கொலைகாரனை நானே குப்பைன்னு சொல்லி மறைச்சு வச்சிருக்கேன்!"

ஒரே வரிதான். பன்னிரண்டை அழித்துப் பதிமூன்று என்று போட்டாள். பதிவிலிருந்த முப்பது சிவப்பு வரிகளும் ஒன்றன்பின் ஒன்றாக நிறம் மாறி வாய் திறந்தன. முந்தாநாள், பதிமூன்றாம் மாதம் முதல் தேதி சாயங்காலம்: நான்காம் அறை, பூட்டு, மைனஸ் பத்து. ஹிர்ப்பா இறந்த பூட்டு.

"மூணு நாள் கழிச்சு புது வருஷம்," என்றாள். "அப்போ மாசம் ஒண்ணுன்னு வந்திருக்கும். தேதி ஏதோ தப்புன்னு நினைச்சிருப்பேனே தவிர சிவப்பாவே தெரிஞ்சிருக்காது. வருஷத்துல இந்த அஞ்சு நாள்தான் இவன் மாட்டுவான்."

"யாருக்கா இவன்?"

"நீயே பாரு. வரிகள் ஜோடி ஜோடியா வருது. நான்காம் அறை திற. அஞ்சு நிமிஷம் கழிச்சு, அறை எண் பூஜ்யம் திற. பூஜ்யம்னா எது?"

புல்ச்சா திரையையே முறைத்தான். "அறை இல்ல. கேட்."

"இந்த ரூம்ல பூ மட்டுமா இருக்கு? அங்க பாரு, ஈரச் சாக்கு சுத்தின பெட்டிகள். இன்னும் பேரே வைக்காத புது ரோஜாவோட பதியன் குச்சிகள். அது திருட்டுத்தனமா வேற பண்ணைக்குப் போய்க்கிட்டிருந்திருக்கு. ஆள் கார்டு காட்டாம கதவு திறக்குதேன்னு ஹிர்ப்பா பார்க்க வந்தான். உள்ள வச்சுப் பூட்டிட்டாங்க. இந்தப் பண்ணையில எல்லாக் கம்ப்யூட்டரும் ஏற்றுமதிக்காக வெளிநாட்டு நாட்காட்டியில ஓடுது. ஒண்ணே ஒண்ணு மட்டும் நம்ம நாட்காட்டியில ஓடுது. ஆஜர்ப் பதிவு எழுதற கேட் கம்ப்யூட்டர்."

புல்ச்சா குதிப்பதை நிறுத்தினான். "அந்தக் கிழவனா? என் கையைப் பிடிச்சு 'நல்லா குடி தம்பி, உள்ள குளிரும்'னு சொன்னாரே!"

"உண்மையைத்தான் சொல்லியிருக்கார்."

-6. பேட்டரி ஒன்பது.

"முத்திரை இல்லாம கதவு எப்படிக் கேட்டுது? கேட் கம்ப்யூட்டருக்கு ஒரு கொல்லைப்புற வழி யாரோ வச்சுக் கொடுத்திருக்காங்க," என்றாள். விரல்கள் விறைத்துப்போய் ஒவ்வொரு எழுத்தையும் குத்திக் குத்தித் தட்டினாள். "அந்த வழியில தேதியும் மணியுமேதான் சாவி. நம்ம தேதி, நம்ம மணி. அவர் பூட்டினப்ப கடைசி எண் மூணு. என் லேப்டாப்ல அப்போ ஒன்பது. காலை ஆறுக்கு விடிஞ்சதிலேர்ந்து எண்ணற நம்ம கணக்குல மூணு."

அதே பாக்கெட்டை எடுத்தாள். 7ஐ 3 ஆக்கினாள். நான்காம் அறை, திற, பதிமூன்றாம் மாதம், மூன்றாம் நாள், மணி மூன்று. அனுப்பினாள்.

கதவு சும்மா இருந்தது.

மறுபடி அனுப்பினாள். சும்மா இருந்தது. மேலே காற்றாடிகள் மட்டும் ஓடின. லெம்லெம் இரண்டு கையையும் அக்குளில் செருகிக்கொண்டு கண்ணை மூடினாள். பதினெட்டு வருட ஒயர் அனுபவமும் அவள் முகத்திலிருந்து போய்விட்ட மாதிரி இருந்தது. அவளை அப்படிப் பார்த்ததே இல்லை புல்ச்சா. அழுகை வந்தது. அழுதால் அதுவும் உறைந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டான்.

பேட்டரி ஐந்து.

"என்ன தப்பு?" என்று முனகினாள். "எல்லாம் அதேதானே அனுப்பினேன். அதே எண்கள்..."

'அதே' என்ற வார்த்தை புல்ச்சாவைக் குத்தியது. பஜாஜ் ஓட்டிய காலத்தில், பழைய டோக்கனை நீட்டி ஏற முயலும் ஆட்களை எத்தனை பேரைப் பார்த்திருக்கிறான்! ஈரச் சட்டைக் கையை மேலே தள்ளிக் கடிகாரத்தைப் பார்த்தான். அது நம்மூர் மணி காட்டும் கடிகாரம். அவன் அம்மா வாங்கித் தந்தது.

"அக்கா! அவர் பூட்டினப்ப மணி மூணு. இப்போ நாலாகி ரெண்டு நிமிஷம் ஆச்சு!"

லெம்லெம் கண்ணைத் திறந்தாள். மூன்றை அழித்து நான்கு போட்டாள்.

கிளிக்.

இந்தத் தடவை அந்தக் கிளிக் புல்ச்சாவுக்கு ரொம்பவே பிடித்திருந்தது. கதவின் மேலேயே போய் விழுந்தான். அது திறந்து, அவன் அட்டையும் சால்வையுமாக வெளிநடையில் குப்புறக் கிடந்தான். மழைக் காற்று வெதுவெதுவென்று முகத்தில் அடித்தது. திரும்பிப் பார்த்தால் லெம்லெம் வரவில்லை. இன்னும் உள்ளே, லேப்டாப்பின் மேல் குனிந்துகொண்டிருந்தாள்.

"அக்கா! வெளிய வாங்க! என்ன பண்றீங்க?"

"ஒரே ஒரு பாக்கெட்."

"பைத்தியமா உங்களுக்கு?"

தட்டினாள். திரை ஒருமுறை மின்னி இருண்டது. பேட்டரி தீர்ந்துவிட்டது. போயிற்றா, போகவில்லையா என்று அவளுக்கே தெரியவில்லை. லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு தள்ளாடி வெளியே வந்தாள். இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டு, பசுமைக் கூடாரங்களைத் தாண்டி வாசலுக்கு நடந்தார்கள். வழியில் மழை கொட்டியது.

பண்ணை வாசலில் இரண்டு இரும்புக் கதவுகள். நடுவில் வண்டிச் சக்கரங்களைக் கழுவும் மருந்துத் தண்ணீர்த் தொட்டி. வெளியிலிருந்து நோய் எதுவும் ரோஜாவுக்கு வந்துவிடக்கூடாது என்று அந்த ஏற்பாடு. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் சுவர்.

தொட்டியின் நடுவே ஒரு பிக்கப் வண்டி நின்றுகொண்டிருந்தது. அதற்கு முன்னால் இருந்த இரும்புக் கதவும் மூடியிருந்தது, பின்னால் இருந்ததும் மூடியிருந்தது; லெம்லெம் கடைசியாக அனுப்பிய 'கேட், பூட்டு' போய்ச் சேர்ந்திருந்தது. வண்டியின் பின்னால் ஈரச் சாக்கு சுற்றிய நாலு பெட்டி. ஓட்டுநர் இடத்தில் பெரியவர் அஸ்ரத். ஹார்ன் அடித்து அடித்து ஓய்ந்து போயிருந்தார். கட்டளை போடும் அவருடைய கம்ப்யூட்டர் காவல் அறையில் இருந்தது, இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம். அங்கே இருக்க வேண்டிய காவலாளியைக் காப்பி குடித்துவிட்டு வா என்று அவரே அனுப்பியிருந்தார்.

அட்டையும் சால்வையுமாக வந்த இரண்டு உருவங்களைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ஆனால் வயசானவர், சமாளித்துக்கொண்டார். கண்ணாடியை இறக்கி, காலையில் காப்பி ஊற்றிய அதே குரலில் பேசினார்.

"வாம்மா, வா. நல்லவேளை வந்தே. இந்தப் பாழாப்போன மெஷின் என்னமோ கோளாறு பண்ணுது. என்னை உள்ள வச்சுப் பூட்டிடுச்சு. கொஞ்சம் திறந்து விடு தாயி."

"உள்ள குளிருதா, காஷே?" என்றான் புல்ச்சா.

லெம்லெம் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்களில் மெல்ல உணர்ச்சி திரும்பிக்கொண்டிருந்தது, வலித்தது. ஹிர்ப்பாவின் விரல்கள் கைப்பிடியை இழுத்து இழுத்துத் தேய்ந்திருந்தன என்று போலீஸ்காரன் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது.

"திறக்கறேன் காஷே. ஒரே ஒரு சந்தேகம். எந்தத் தேதி போட்டுத் திறக்கணும்? மெஷினோட தேதியா, உங்க தேதியா?"

பெரியவர் சாவியைத் திருகி இன்ஜினை அணைத்தார். சக்கரங்களுக்கு அடியில் மருந்துத் தண்ணீரில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது.

"போலீஸுக்கு போன் போடு," என்றாள் லெம்லெம். "வரும்போது ஷிபிரேயையும் கூட்டிட்டு வரச் சொல்லு. இந்தக் கேட்டை அவளே வந்து திறக்கட்டும்."